வட்டைக் கழற்றியது யார்? லினக்ஸில் மவுண்ட் நிகழ்வுகளைப் பதிவு செய்யும் முறை

ஒரு சிறு அலுவலகத்தின் லினக்ஸ் சேவையகத்தை எண்ணிக்கொள்வோம். காப்புப் பிரதி எடுப்பதற்கென்றே அதில் ஒரு வெளி வட்டு இணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வோர் இரவும் இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடி, அன்றைய தரவை ‘பேக்கப்’ என்ற அடைவுக்குள் நகலெடுத்து வைக்கிறது. ஒருநாள் பிற்பகலில் யாரோ ஒருவர் அந்த வட்டை முறைப்படி கழற்றிவிட்டு, மீண்டும் இணைக்க மறந்துவிடுகிறார். இரவு இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் வழக்கம்போல் ஓடுகிறது. பேக்கப் என்ற அடைவு அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அதன்மேல் வெளி வட்டு இல்லை. எனவே நகல் முழுவதும் சேவையகத்தின் சொந்த வட்டிலேயே எழுதப்படுகிறது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனென்றால் கணினியின் பார்வையில் பிழை எதுவும் நடக்கவில்லை. சில நாள்களில் சொந்த வட்டு நிரம்பி, தரவுத்தளம் எழுத இடமின்றி நின்றுபோன பிறகுதான் விசாரணை தொடங்குகிறது. அதற்குள் இன்னொருவர் வெளி வட்டைத் திரும்ப இணைத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். தவறான இடத்தில் விழுந்த கோப்புகள் இப்போது வெளி வட்டின் அடியில் மறைந்துவிட்டன. வட்டு நிரம்பியிருப்பதாக ஒரு கட்டளை காட்டும்; நிரப்பிய கோப்புகள் எவை என்று தேடும் கட்டளையோ எதையும் காட்டாது.

இந்த நிலையில் நிர்வாகிக்குத் தேவைப்படும் கேள்விகள் எளியவை. வட்டு எப்போது கழற்றப்பட்டது, எந்த நிரல் கழற்றியது, அந்த நிரலை இயக்கிய மனிதர் யார்? பெரும்பாலான சேவையகங்களில் இந்த மூன்று கேள்விகளுக்கும் முழுமையான விடை இருக்காது. முன்கூட்டியே பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தால் மட்டுமே அது கிடைக்கும். அந்த ஏற்பாடு எவற்றைப் பதிவு செய்யும், எவற்றைத் தவறவிடும் என்பதைத் தொடக்க நிலை நிர்வாகிகளுக்காக இங்கே விளக்குகிறேன்.

மவுண்ட் என்பதன் பொருள்

விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து தரப்படுகிறது. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அப்படியில்லை. அங்கே ஒரே ஒரு அடைவு மரம்தான் உண்டு. புதிய வட்டு ஒன்றில் இருக்கும் கோப்பு முறைமையை அந்த மரத்தின் ஏதாவது ஓர் அடைவின்மேல் பொருத்துவதையே மவுண்ட் செய்தல் என்கிறோம். பொருத்தப்பட்ட நொடியிலிருந்து, அந்த அடைவுக்குள் நுழைபவருக்குப் புதிய வட்டின் உள்ளடக்கம் தெரியும். அடைவில் முன்பே இருந்தவை அழியாமல், கண்ணுக்கு மட்டும் மறையும். கழற்றும்போது பழையவை மீண்டும் வெளிப்படும். காந்த நாடாக்களையும் கழற்றி மாட்டக்கூடிய வட்டுத் தொகுதிகளையும் இயக்குநர்கள் கையால் இயந்திரத்தில் பொருத்திய காலத்திலிருந்து இந்தச் சொல் வருகிறது. 1971இல் வெளிவந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட் அழைப்பும், அதைக் கழற்றும் யுமவுண்ட் அழைப்பும் இருக்கின்றன. கழற்றும் கட்டளையின் பெயரில் ஓர் எழுத்து குறைவாக இருப்பதும் அன்று தொடங்கிய வழக்கமே. புதியவர்கள் முதல் நாளில் அதைத் தவறாகத் தட்டுவது இயல்பு.

எந்தக் கட்டளையைத் தட்டினாலும், எந்த வரைகலைச் சாளரத்தில் அழுத்தினாலும், இறுதியில் பொருத்துவதும் கழற்றுவதும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் வேலை. மவுண்ட் என்ற கட்டளை கர்னலிடம் சிஸ்டம் கால் எனப்படும் ஓர் அழைப்பின் மூலம் வேண்டுகிறது. கர்னல் அனுமதியைச் சரிபார்த்து, தன் நினைவகத்தில் இருக்கும் அட்டவணையில் ஒரு பதிவைச் சேர்க்கிறது. இதை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். நம்பத்தகுந்த பதிவு வேண்டுமானால், கட்டளையைக் கவனிப்பதைவிடக் கர்னலுக்குள் நுழையும் வாயிலைக் கவனிப்பதே சரி.

இப்போதைய நிலை வேறு, வரலாறு வேறு

பழைய லினக்ஸ் முறைமைகளில் எட்சி அடைவுக்குள் ‘எம்டேப்’ என்ற கோப்பு ஒன்று இருந்தது. என்னென்ன மவுண்ட் ஆகியிருக்கின்றன என்பதை மவுண்ட் கட்டளையே அதில் எழுதிவைக்கும். அந்தக் கட்டளையைப் பயன்படுத்தாமல் வேறொரு நிரல் நேரடியாகக் கர்னலை அழைத்தால் கோப்புக்கும் உண்மைக்கும் தொடர்பு அறுந்துவிடும். அதனால்தான் பின்னாளில் எம்டேப் என்பது கர்னலின் அட்டவணையைக் காட்டும் வெறும் இணைப்பாக மாற்றப்பட்டது. இன்று உண்மை நிலையை அறிய கர்னல் தன் நிலையைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமையில் உள்ள ‘மவுண்ட்ஸ்’, ‘மவுண்ட்இன்ஃபோ’ ஆகிய இரண்டையும் படிக்கலாம். இவற்றுள் பின்னது 2008இல் கர்னல் 2.6.26 பதிப்பில் வந்தது. ஒவ்வொரு மவுண்டுக்கும் ஓர் எண், அதன் தாய் மவுண்டின் எண், எந்த உட்கிளை பொருத்தப்பட்டது என்பன போன்ற விவரங்கள் அதில் உண்டு. ‘ஃபைண்ட்மவுண்ட்’ என்ற கட்டளை இதைப் படித்து மர வடிவில் அழகாகக் காட்டும்.

ஆனால் இவை யாவும் இந்தக் கணத்தின் நிலையை மட்டுமே சொல்கின்றன. நேற்று மூன்று மணிக்குப் பொருத்தி மூன்றரைக்குக் கழற்றப்பட்ட ஒரு யூஎஸ்பி வட்டைப் பற்றி இவற்றில் எந்தத் தடயமும் இருக்காது. மவுண்ட்இன்ஃபோ கோப்பில் மாற்றம் நேரும்போதெல்லாம் கர்னல் அறிவிக்கும் வசதி ஒன்று உண்டு. ஃபைண்ட்மவுண்ட் கட்டளையைப் ‘போல்’ என்ற விருப்பத்தோடு இயக்கினால், அது திரையில் காத்திருந்து ஒவ்வொரு மாற்றத்தையும் வரியாக எழுதும். அந்த வரிகளை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டு, அதையே பதிவேடாக வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். கற்றுக்கொள்ள இது மிக நல்ல வழி. பதிவேடாகக் கொள்ள இதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, அறிவிப்பு வந்து கோப்பைப் படித்து முடிப்பதற்குள் பொருத்தலும் கழற்றலும் இரண்டுமே நடந்து முடிந்திருந்தால் வேறுபாடு எதுவும் தெரியாது. மற்றொன்று, என்ன மாறியது என்று சொல்லும் இந்த முறை, மாற்றியவர் யார் என்பதைச் சொல்லவே சொல்லாது.

ஏற்கெனவே பதிவாகிக்கொண்டிருப்பவை

தனியாக எதையும் நிறுவாமலே சில தடயங்கள் ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் சேர்கின்றன. கர்னலின் செய்திப் பதிவில், எக்ஸ்எஃப்எஸ் வகைக் கோப்பு முறைமை பொருத்தப்படும்போதும் கழற்றப்படும்போதும் ஒவ்வொரு வரி விழும். எக்ஸ்ட்4 வகை பொருத்தப்படும்போது நெடுங்காலமாகவே செய்தி எழுதிவந்தது. கழற்றப்படும்போதும் எழுதுவது அண்மைய கர்னல்களில்தான் வந்தது. இந்த வரிகளில் சாதனத்தின் பெயர் இருக்கும். எந்த அடைவில் பொருத்தப்பட்டது, யார் பொருத்தினார் என்பன இருக்கா. நினைவகத்தில் உருவாகும் டெம்ப்எஃப்எஸ், ஓர் அடைவை இன்னோர் அடைவின்மேல் காட்டும் ‘பைண்ட்’ வகை மவுண்ட் ஆகியவை கர்னல் பதிவில் சுவடே விடாமல் வந்துபோகும்.

சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியைப் பயன்படுத்தும் முறைமைகளில், எதை எங்கே பொருத்த வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் உள்ள ஒவ்வொரு பொருத்தல் வரியும் ஒரு மவுண்ட் அலகாக மாற்றப்படுகிறது. அது பொருத்தப்படுவதும் கழற்றப்படுவதும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் நேரத்தோடு பதிவாகின்றன. கையால் பொருத்திய வட்டுக்கும் சிஸ்டம்டி மவுண்ட்இன்ஃபோவைப் பார்த்துத் தானாகவே ஓர் அலகை உருவாக்கிக்கொள்ளும். அதைக் கழற்றும்போது அந்த அலகு செயலிழந்ததாக ஒரு வரி ஜர்னலில் விழும். மேசைக் கணினிகளில் யூஎஸ்பி வட்டைச் செருகியதும் தானாகப் பொருத்தும் ‘யூடிஸ்க்ஸ்’ என்ற பின்னணிச் சேவை இன்னும் ஒரு படி மேலே சென்று, எந்தச் சாதனத்தை எந்த இடத்தில் எந்தப் பயனர் எண்ணின் சார்பாகப் பொருத்தியது என்று தெளிவாக எழுதுகிறது. பலரும் கவனிக்காத இந்த ஒரு வரி விசாரணைகளில் மிகவும் பயன்படும்.

வட்டுக்குள்ளேயும் ஒரு சிறு நாட்குறிப்பு இருக்கிறது. எக்ஸ்ட்4 தன் தலைமைத் தொகுதியில் கடைசியாகப் பொருத்தப்பட்ட நேரம், பொருத்தப்பட்ட அடைவு, இதுவரை பொருத்தப்பட்ட எண்ணிக்கை, முறையாகக் கழற்றப்பட்டதா என்ற நிலை ஆகியவற்றை எழுதிவைக்கிறது. ‘ட்யூன்2எஃப்எஸ்’ கட்டளையால் இவற்றைப் படிக்கலாம். சேவையகத்தின் பதிவேடுகள் அழிந்துபோன நிலையிலும் வட்டு மட்டும் கையில் இருந்தால், இந்த நான்கு விவரங்கள் எஞ்சியிருக்கும்.

தணிக்கை அமைப்பு

‘யார்’ என்ற கேள்விக்கு முறையான விடை தருவது லினக்ஸ் கர்னலின் தணிக்கை அமைப்பு. கர்னல் தன் வாயிலில் நடப்பதைக் குறித்துக் கொடுக்க, ஆடிட்டி என்ற சேவை அதை வாங்கி வட்டில் எழுதுகிறது. எந்தெந்த சிஸ்டம் காலைக் குறிக்க வேண்டும் என்பதை நாம் விதிகளாக எழுதித் தர வேண்டும். மவுண்ட், யுமவுண்ட்2 என்ற இரண்டு அழைப்புகளையும் முடியும் தறுவாயில் எப்போதும் குறித்துவை, அந்தக் குறிப்புகளுக்கு ‘மவுண்ட்ஸ்’ என்ற அடையாளச் சொல்லைக் கொடு என்று ஒரே வரியில் ஒரு விதி எழுதலாம். அடையாளச் சொல் இருந்தால் பின்னர் ‘ஏயூசர்ச்’ கட்டளையில் அதைக் கொடுத்து இந்தக் குறிப்புகளை மட்டும் பிரித்தெடுக்க முடியும்.

விதியில் கணினிக் கட்டமைப்பைக் குறிப்பிட மறக்கக்கூடாது. 64 பிட் இன்டெல் வகைக் கணினியில் மவுண்ட் அழைப்பின் எண் 165, யுமவுண்ட்2இன் எண் 166. அதே கணினியில் 32 பிட் நிரல் ஒன்று ஓடினால் அதற்கு மவுண்டின் எண் 21, யுமவுண்ட்2இன் எண் 52. போதாக்குறைக்கு, 64 பிட்டில் 21 என்பது முற்றிலும் வேறொரு அழைப்பு. ஆகவே ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனி விதி வேண்டும். 32 பிட் நிரல்கள் தங்கள் முறைமையில் இல்லை என்று நினைத்து இரண்டாம் விதியை விட்டுவிடுபவர்கள், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு நிரலுக்குக் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

இப்போது நம் அலுவலகக் கதைக்குத் திரும்புவோம். பயனர் எண் 1000 கொண்ட ஒருவர், முழு உரிமை பெற்ற ‘ரூட்’ பயனராகக் கட்டளையை இயக்கும் சுடோ வழியாகப் பேக்கப் அடைவைக் கழற்றியிருந்தால், ஒரே வரிசை எண்ணைத் தாங்கிய பல குறிப்புகள் பதிவாகியிருக்கும். முதலாவது சிஸ்டம் கால் குறிப்பு: அழைப்பு எண் 166, வெற்றி ஆம், செயல்முறை எண், முனையம், இயங்கிய நிரலின் முழுப்பாதை, பயனர் எண் 0, அதன் அருகிலேயே ‘ஏயூஐடி’ 1000. அடுத்து வரும் பாதைக் குறிப்பில் பேக்கப் அடைவின் பெயர் இருக்கும். இன்னொரு குறிப்பில் தட்டப்பட்ட கட்டளை வரி முழுவதும் பதினறும எண்களாக இருக்கும். ஏயூசர்ச்சிடம் விளக்கிக் காட்டச் சொன்னால் அதைப் படிக்கும்படி மாற்றித்தரும்.

இவற்றில் ஏயூஐடி என்ற புலத்தையே நான் உயிர்நாடி என்பேன். ஒருவர் கணினிக்குள் நுழையும்போது அவருடைய எண் அதில் எழுதப்படுகிறது. அதன் பிறகு அவர் சுடோ போட்டாலும், வேறொரு பயனராக மாறினாலும் அது மாறுவதில்லை. பயனர் எண் 0 என்பது ‘ரூட் செய்தது’ என்று மட்டும் சொல்லும். ஏயூஐடிதான் அந்த ரூட் வேடத்துக்குள் இருந்த ஆளைச் சொல்லும். ஐந்து பேர் ஒரே ரூட் கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டு நேரடியாக நுழையும் அலுவலகத்தில் இந்தப் புலமும் 0 என்றே இருக்கும். அங்கே எந்தப் பதிவேடும் உதவாது.

குறிப்பில் இருக்கும் வேறு சில எண்களும் நிறையச் சொல்லும். கழற்றும் அழைப்பில் ‘ஏ1’ என்ற புலம் 2 என்றிருந்தால், அது சோம்பல் கழற்றல் எனப்படும் வகை: அடைவு மரத்திலிருந்து உடனே மறைந்துவிடும், ஆனால் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் மூடும்வரை வட்டு உள்ளுக்குள் பயன்பாட்டிலேயே இருக்கும். இந்த இடைவெளியில் வட்டை உருவினால் தரவு கெடும். தணிக்கைக் குறிப்பின் நேரத்தையும், கர்னல் பதிவில் வட்டு உண்மையில் விடுபட்டதாகச் சொல்லும் வரியின் நேரத்தையும் ஒப்பிட்டால் அந்த இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். மவுண்ட் அழைப்பில் ‘ஏ3’ என்ற புலத்தைப் பார்க்க வேண்டும். அது பதினறும எண்ணில் இருக்கும். 1000 என்றால் பைண்ட் மவுண்ட், 20 என்றால் மறுபொருத்தல், 21 என்றால் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மறுபொருத்தல். தோல்வியுற்ற முயற்சிகளும் பதிவாகின்றன: வெளியேற்ற எண் கழித்தல் 16 என்றால் வட்டு பயன்பாட்டில் இருந்ததால் கழற்ற முடியவில்லை, கழித்தல் 1 என்றால் அனுமதி இல்லை. உரிமையில்லாத ஒருவர் இரவு முழுவதும் முயன்று பார்த்த சுவடு இந்தக் கழித்தல் 1களில்தான் கிடைக்கும்.

பழைய விதியின் மௌனம்

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான விதித் தொகுப்புகள் பொருத்தலைப் பிடிக்க மவுண்ட் என்ற ஒற்றை அழைப்பை மட்டுமே குறிப்பிடுகின்றன. அவை எழுதப்பட்ட காலத்தில் அது சரியாக இருந்தது. 2019இல் கர்னல் 5.2 பதிப்பு, பொருத்துவதற்கு ஒரு புதிய வழியைக் கொண்டுவந்தது. பழைய மவுண்ட் அழைப்பு எல்லா வேலையையும் ஒரே மூச்சில் செய்தது. புதிய வழியில் வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது. எஃப்எஸ்ஓப்பன் கோப்பு முறைமையின் வகையைத் தேர்கிறது, எஃப்எஸ்கான்ஃபிக் சாதனத்தையும் விருப்பங்களையும் தருகிறது, எஃப்எஸ்மவுண்ட் ஒரு மவுண்டை உருவாக்குகிறது, மூவ்_மவுண்ட் அதை அடைவு மரத்தில் பொருத்துகிறது. 2021இல் வந்த 5.12 பதிப்பு, பொருத்தியதன் பண்புகளை மாற்ற மவுண்ட்_செட்ஆட்டர் என்ற அழைப்பையும் சேர்த்தது.

சில ஆண்டுகள் இதனால் நிர்வாகிகளுக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை, ஏனென்றால் மவுண்ட் கட்டளை பழைய அழைப்பையே பயன்படுத்திவந்தது. மவுண்ட் கட்டளையைத் தரும் யூடில்-லினக்ஸ் தொகுப்பின், 2023இல் வெளிவந்த 2.39 பதிப்பிலிருந்து அந்தக் கட்டளையே, கர்னல் இடம்கொடுத்தால், புதிய வழிக்கு மாறிவிட்டது. உபுண்டு 24.04இல் இருப்பது இந்த 2.39 வரிசை; டெபியன் 12இல் இருப்பது 2.38. அதாவது ஒரே விதிக்கோப்பை இரண்டு சேவையகங்களிலும் வைத்தால், டெபியன் 12இல் மவுண்ட் கட்டளையின் ஒவ்வொரு செயலும் பதிவாகும், உபுண்டு 24.04இல் அதே கட்டளை ஒரு சுவடும் இல்லாமல் வேலையை முடித்துவிடலாம். கழற்றுவதற்குப் பழைய யுமவுண்ட்2 அழைப்பே தொடர்வதால், விதியில் அதுவும் இருந்தால் கழற்றல்கள் மட்டும் பதிவாகிக்கொண்டிருக்கும். பொருத்தப்படாத வட்டுகள் கழற்றப்படுவதாகச் சொல்லும் இந்த விந்தையான பதிவேட்டைக் கண்டால், விதி காலாவதியாகிவிட்டது என்று உடனே புரிந்துகொள்ள வேண்டும்.

இது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். விதி பிழையானால் சேவை தொடங்கும்போதே எச்சரிக்கை வரும். விதி பழையதானால் எந்த எச்சரிக்கையும் வராது. தணிக்கைச் சோதனைக்கு வருபவரும் விதிக்கோப்பில் வரி இருக்கிறதா என்று பார்த்து, இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போய்விடுவார்.

சரிசெய்வது கடினமில்லை. எந்த வகையில் உருவான மவுண்டாக இருந்தாலும் புதிய வழியில் அது மரத்தில் பொருந்துவது மூவ்_மவுண்ட் வழியாகவே. எனவே அதை விதியில் சேர்த்தால் பொருத்தல்கள் அகப்படும். மறுபொருத்தலையும் பண்பு மாற்றங்களையும் பிடிக்க எஃப்எஸ்கான்ஃபிக், மவுண்ட்_செட்ஆட்டர் ஆகிய இரண்டையும் சேர்க்க வேண்டும். பழைய தணிக்கைக் கருவிகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாவிட்டால் எண்களைக் கொடுக்கலாம்: மூவ்_மவுண்ட் 429, எஃப்எஸ்கான்ஃபிக் 431, மவுண்ட்_செட்ஆட்டர் 442. இந்தப் புதிய அழைப்புகளுக்கு 64 பிட்டிலும் 32 பிட்டிலும் ஒரே எண்தான் என்பது ஓர் ஆறுதல். ஒரே செயல் பல அழைப்புகளாகச் சிதறுவதால், செயல்முறை எண்ணையும் நேரத்தையும் கொண்டு குறிப்புகளை ஒன்றுசேர்த்துப் படிக்கப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வடிகட்டியில் நழுவுபவை

பரவலாகப் புழங்கும் விதிகளில் இன்னொரு நிபந்தனையும் இருக்கும்: ஏயூஐடி 1000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அது நிரப்பப்படாததாக இருக்கக்கூடாது. மனிதர்கள் செய்வதை மட்டும் குறித்து, முறைமை தானாகச் செய்வதை விட்டுவிடுவதே நோக்கம். நல்ல நோக்கம்தான், ஆனால் அதன் வழியாக என்னென்ன நழுவுகின்றன என்று பார்க்க வேண்டும். ரூட்டாக நேரடியாக நுழைந்தவரின் ஏயூஐடி 0 என்பதால் அவர் செய்தவை பதிவாகா. குறித்த நேரத்தில் தானாக ஓடும் ரூட்டின் க்ரான் பணிகளும் அவ்வாறே. யூடிஸ்க்ஸ் போன்ற சேவைகள் யாரும் நுழையாமலே தொடங்கப்படுவதால் அவற்றின் ஏயூஐடி நிரப்பப்படாமல் 4294967295 என்ற எண்ணாக நிற்கும்; ஆகவே மேசைக் கணினியில் செருகப்படும் ஒவ்வொரு யூஎஸ்பி வட்டும் விதியின் கண்ணில் படாமல் போகும். தரவு வெளியே எடுத்துச் செல்லப்படுவதைக் கண்டறியவே இந்த விதியை வைக்கிறார்கள் என்பதை நினைத்தால், எவ்வளவு பெரிய ஓட்டை இது என்று விளங்கும்.

நிபந்தனையை முற்றிலும் எடுத்துவிடலாமா என்றால், கன்டெய்னர்கள் (நிரல்களைத் தனித்தனியாக அடைத்து இயக்கும் சூழல்கள்) ஓடாத சேவையகத்தில் தாராளமாக எடுத்துவிடலாம். அங்கே ஒரு நாளின் மவுண்ட் நிகழ்வுகள் அதிகமாக இருக்காது. கன்டெய்னர்கள் ஓடும் இடத்தில் நிலைமை வேறு. ஒவ்வொரு கன்டெய்னரும் தனக்கென்று ஒரு தனி மவுண்ட் உலகத்தை அமைத்துக்கொண்டு, தொடங்கும்போதே ஓவர்லே, ப்ராக், டெம்ப்எஃப்எஸ் என்று வரிசையாகப் பொருத்திக்கொள்ளும்; நிற்கும்போது எல்லாவற்றையும் கழற்றும். அந்த வெள்ளத்தில் நமக்கு வேண்டிய ஒரு வரி மூழ்கிப்போகும். அத்தகைய இடங்களில், 1000 என்ற கீழ் வரம்பை மட்டும் நீக்கிவிட்டு, நிரப்பப்படாதவற்றை விலக்கும் நிபந்தனையை வைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைக்கிறேன். ரூட்டும் க்ரானும் வலைக்குள் வந்துவிடும். சேவைகள் செய்யும் பொருத்தல்களுக்கு ஜர்னலை நம்பலாம்.

வாயிலுக்கு வராத நிகழ்வுகள்

எல்லா மாற்றங்களும் சிஸ்டம் கால் வழியாக நிகழ்வதில்லை. வட்டில் பழுது கண்டால் எக்ஸ்ட்4 தானாகவே படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாறும்படி அமைத்திருப்பார்கள். அந்த மாற்றத்தைக் கர்னலே உள்ளுக்குள் செய்வதால் தணிக்கையில் எதுவும் இருக்காது, கர்னல் பதிவில் ஒரு வரி மட்டும் இருக்கும். யூஎஸ்பி வட்டை முறைப்படி கழற்றாமல் உருவி எடுத்தாலும் அவ்வாறே: எடுத்த நொடியில் கழற்றல் அழைப்பு எதுவும் நிகழவில்லை, சாதனம் துண்டிக்கப்பட்டது என்ற கர்னல் செய்தியே சான்று. அடுத்த முறை பொருத்தும்போது, ஃபேட் வகை வட்டானால், முறையாகக் கழற்றப்படவில்லை என்று கர்னல் முறையிடும். ஆகவே தணிக்கைப் பதிவு, கர்னல் பதிவு, ஜர்னல் ஆகிய மூன்றையும் ஒரே நேரக்கோட்டில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நேரம் ஒத்திசைந்த சேவையகங்களில் மட்டுமே இது இயலும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பதிவேட்டின் இருப்பிடம்

ஆடிட்டியின் இயல்பான அமைப்பில் ஒரு பதிவுக் கோப்பு 8 மெகாபைட் வரை வளரும். அத்தகைய 5 கோப்புகள் சுழற்சியில் வைக்கப்படும். மொத்தம் 40 மெகாபைட். மற்ற தணிக்கை விதிகளும் சேர்ந்தால் பரபரப்பான ஒரு சேவையகத்தில் இது ஒரே நாளில் சுழன்று பழையவை அழிந்துவிடக் கூடும். நம் கதையில் கழற்றல் நடந்து பல நாள்களுக்குப் பிறகே விசாரணை தொடங்கியது என்பதை நினைவுகூர வேண்டும். கோப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது முதல் வேலை. ரூட் உரிமை பெற்றவர் எந்தப் பதிவையும் அழிக்க முடியும் என்பதால், குறிப்புகளை அவ்வப்போதே வேறொரு கணினிக்கு அனுப்பிவிடுவது அடுத்த வேலை. தணிக்கை அமைப்பின் தொலைநிலை இணைப்போ, பதிவுகளைத் திரட்டி அனுப்பும் ஆர்சிஸ்லாக் சேவையோ இதைச் செய்யும். விதிகளையே யாரும் மாற்றாமல் இருக்க, விதிக்கோப்பின் இறுதியில் பூட்டும் வரி ஒன்றைச் சேர்க்கலாம்; அதன் பிறகு கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் விதிகளை மாற்ற முடியும். இதை விதிகள் அனைத்தும் சரியாக வேலை செய்வதை உறுதிப்படுத்திய பிறகே சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் சேவையகத்தை நிறுத்த நேரிடும்.

கணினி அணைக்கப்படும்போது பதிவுச் சேவைகள் நின்ற பிறகே இறுதிக் கழற்றல்கள் நடக்கின்றன. பதிவேடு இருக்கும் வட்டையே கழற்றும்போது அதைப் பற்றி அந்த வட்டில் எழுத முடியாது. ஆகவே பொருத்தல் வரி இருந்து அதற்கிணையான கழற்றல் வரி இல்லாத எல்லா இடங்களையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தை ஒட்டி மறுதொடக்கம் நடந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விதிகளை ஏற்றியதும் செய்ய வேண்டிய சோதனை ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஒரு வெற்று அடைவை உருவாக்கி, உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து சுடோ வழியாக அதன்மேல் ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸைப் பொருத்துங்கள், படிக்க மட்டும் என்று மறுபொருத்துங்கள், பிறகு கழற்றுங்கள். ஏயூசர்ச்சில் அடையாளச் சொல்லைக் கொடுத்துத் தேடினால் மூன்று செயல்களும், ஒவ்வொன்றிலும் உங்கள் ஏயூஐடியும் தெரிய வேண்டும். அதையே ரூட்டின் க்ரான் பணியாக ஒரு முறையும், மேசைக் கணினியானால் ஒரு யூஎஸ்பி வட்டைச் செருகி ஒரு முறையும் செய்து பாருங்கள். கர்னலையோ யூடில்-லினக்ஸையோ புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். கையோடு அந்தக் காப்புப் பிரதி ஸ்கிரிப்டையும் திறந்து, நகலெடுக்கும் முன் பேக்கப் அடைவின்மேல் வட்டு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று ‘மவுண்ட்பாயின்ட்’ கட்டளையால் சரிபார்த்து, இல்லையென்றால் நின்றுவிடும்படி ஒரு வரியை முதலில் சேர்த்துவிடுங்கள்.